விளையாட்டு ஆக்கும் கருவியும் அதனை மொழிபெயர்த்த இரசிகரும்

ஒரு மொழியிலே தோன்றிய நூலை இன்னொரு மொழியிலே ஆக்கித் தருவது மிகப் பழைய பணியாகும். காவியங்களும் சாத்திரங்களும் சமய நூல்களும் அவ்வழியாகவே தேசம் விட்டுத் தேசம் சென்றன. அப்பணியிலே ஈடுபட்டோர் யாவரும் படிப்பவனையே மனத்தில் இருத்தி உழைத்தனர். மூலநூலார் சொன்னதைப் படிப்பவன் விளங்கிக்கொண்டால் அவர்கள் எடுத்த கருமம் முடிந்துவிடும். ஆனால், படித்து மகிழ்வதற்கென்று அமையாது, கையிற்கொண்டு வேலை செய்வதற்கென்று அமைந்த ஒரு பொருளை மொழிபெயர்க்க நேர்ந்தால் என்ன செய்வது? தச்சனுடைய உளிக்கும் கொல்லனுடைய சம்மட்டிக்கும் மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை. எந்நாட்டுக் கையிலும் அவை ஒரே வகையாக வேலை செய்யும். கணினி யுகத்திலே பிறந்த கருவிகளோ சொற்களாலே இயங்குபவை. அச்சொற்கள் விளங்காவிடின் கருவி கையிலிருந்தும் பயனில்லை.

நேயர்களே, அத்தகைய கருவி ஒன்றினையும், ஊதியம் எதுவும் பெறாது அதனை வேற்றுமொழிக்குக் கொண்டுசென்ற சில இரசிகர்களின் முயற்சியினையும் பற்றியதே இப்பேச்சு.

யப்பான் தேசத்திலே 1983ஆம் ஆண்டு நின்டெண்டோ நிறுவனம் 'பமிக்கொம்' என்னும் விளையாட்டுப் பொறியினை வெளியிட்டது. தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து, 'காட்ரிட்ஜ்' எனப்படும் சிறு பேழையை அதனுள்ளே செருகி விளையாடுவது வழக்கம். அப்பொறிக்கென 1986ஆம் ஆண்டு வெளியான 'டிராகன் குவெஸ்ட்' என்னும் விளையாட்டு யப்பானியச் சிறுவரைப் பெரிதும் கவர்ந்தது. விளையாடுபவன் ஒரு வீரனாகி ஊர் ஊராகச் சென்று, மாந்தரோடு பேசி, அரக்கரை வென்று, ஒரு கதையை நடத்திச் செல்வான். ஒரு பாத்திரத்தை ஏற்று நடக்கும் இவ்வகை விளையாட்டுக்களை ஆங்கில முதலெழுத்துக்களால் 'ஆர்.பி.ஜி.' என்று குறிப்பர். டிராகன் குவெஸ்ட் முழுவதும் 64 கிலோபைற்று நினைவகத்துள் அடங்கவேண்டியிருந்தது. இடம் போதாமையினால், யப்பானியரின் 'கத்தகனா' எழுத்துக்கள் எல்லாவற்றையும் சேர்க்க இயலாது, அவற்றுள் ஏறக்குறைய 20 எழுத்துக்களை மட்டும் தெரிந்தெடுத்து, அரக்கர்களின் பெயர்களையும் மந்திரங்களின் பெயர்களையும் அவற்றுக்கேற்ப அமைத்தனர். எழுத்துக்கும் இயந்திரத்துக்கும் இடையேயுள்ள இந்த நெருக்கடி இப்பேச்சின் பிற்பகுதியிலும் வரும்.

கதையை நடத்திப் பார்த்த சிறுவர்க்கு, தாமும் ஒரு கதையை அவ்வாறு அமைத்தல் வேண்டும் என்ற ஆசை பிறப்பது இயல்பே. அந்த ஆசைக்கு வழிகாட்டும் முயற்சிகள் முன்னரும் இல்லாமலில்லை. 1984ஆம் ஆண்டிலேயே 'பமிலி பேசிக்' என்ற பெயரோடு ஒரு தட்டச்சுப் பலகையும் காட்ரிட்ஜும் பமிக்கொம் பொறிக்கென வெளியாயின. அதனைக்கொண்டு சிறுவர் தாமே சிறு செய்நிரல்களை எழுதலாம். எழுதியவற்றை ஒலிநாடாவிலே பதிந்து வைக்கலாம். ஆயினும் அதிலே பயன்பட்ட 'பேசிக்' என்னும் கணினி மொழியின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலச் சொற்களாகும். யப்பானியச் சிறுவன் ஒருவன் தன் விளையாட்டினைத் தன் வீட்டிலிருந்து ஆக்குவதற்கு முன்பு, பிறநாட்டுச் சொற்களைப் பிழையின்றித் தட்டப் பழகவேண்டியவனானான். எழுதுவதற்குக் கிடைத்த நினைவகமும் முதற்பதிப்பிலே ஏறக்குறைய 2 கிலோபைற்று அளவினதே.

இத்தடையைப் போக்கிய பெருமை 'அஸ்கி' என்னும் யப்பானிய நிறுவனத்தின் கருவிகளைச் சாரும். கணினிகளுக்கென 1992ஆம் ஆண்டு அந்நிறுவனம் 'ஆர்.பி.ஜி. ட்சுகூரு டான்டே 98' என்ற ஆக்கக் கருவியை வெளியிட்டது. இப்பெயரில் ஒரு சொல்நயம் உண்டு. யப்பானிய மொழியில் 'ட்சுகுரு' என்றால் ஆக்குதல் என்பது பொருள். கருவியைக் குறிக்கும் 'டூல்' என்னும் ஆங்கிலச் சொல்லை யப்பானியர் 'ட்சூரு' என்று உச்சரிப்பர். இரண்டையும் ஒன்றாக்கினால் 'ட்சுகூரு' வரும். ஆக்குதல் என்ற பொருளும் கருவி என்ற பொருளும் அவ்வொரு சொல்லில் அடங்கின.

நின்டெண்டோவின் இரண்டாம் தலைமுறைப் பொறியான 'சூப்பர் பமிக்கொம்' 1990ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வெளிவந்தது. அதற்கென 1995ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 'ஆர்.பி.ஜி. ட்சுகூரு: சூப்பர் டான்டே' என்ற காட்ரிட்ஜை அஸ்கி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1996ஆம் ஆண்டு சனவரியில் 'ஆர்.பி.ஜி. ட்சுகூரு 2' தொடர்ந்தது. கணினி வாங்க வசதியில்லாத வீட்டுச் சிறுவனும், தொலைக்காட்சியின் முன்னமர்ந்து, விளையாடும் கைப்பிடியின் சில பொத்தான்களைக் கொண்டே கதை விளையாட்டொன்றை ஆக்குதல் இவற்றாற் சாத்தியமாயிற்று.

இக்கருவி வேலை செய்யும் முறையைச் சிறிது விளக்குதல் நலம். முதலில் நிலப்படம் அமைக்கவேண்டும். புல், நீர், மலை, சுவர், கூரை என்பவற்றின் சிறு சதுரப் படங்கள் கருவியிலேயே உண்டு. தரையிற் கல் பதிப்பதுபோல அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் ஊரும் காடும் உருவாகும். அடுத்து, அவ்வூரிலே மாந்தரை நிறுத்தி, ஒவ்வொருவர்க்கும் உரிய நிகழ்ச்சிகளைக் குறிக்கவேண்டும். 'இவ்விடத்தில் இப்பேச்சைக் காட்டு', 'இப்பொருளைக் கொடு', 'கதவைத் திற', 'இசையை மாற்று' என்பன போன்ற கட்டளைகள் பட்டியலாகக் கிடைக்கும். ஆக்குபவன் வேண்டியதைத் தெரிந்தெடுப்பான். இவற்றுள் மிக முக்கியமானது 'ஆளி' என்னும் ஏற்பாடு. மின்விளக்கின் ஆளியைப்போல இதற்கும் இரண்டே நிலைகள் உண்டு. கிழவியிடம் திறவுகோலைப் பெற்றவுடன் ஓர் ஆளி இயங்கும். அவ்வாளி இயங்கினாலன்றிக் கோட்டைக் கதவு திறவாது. கதையின் முன்பின் தொடர்பு முழுவதும் இத்தகைய ஆளிகளாலேயே கட்டப்படும். ஆங்கிலக் கட்டளை ஒன்றும் அறியாத யப்பானியச் சிறுவன், தன் தாய்மொழியிலேயே இவை யாவற்றையும் வாசித்துத் தெரிந்தெடுத்தான். பத்தாண்டுகளுக்கு முன்னர் பமிலி பேசிக் விதித்த பிறமொழித் தடை அவனுக்கு நீங்கியது.

அத்தடை மறுபுறத்திலே இப்போது முளைத்தது. சூப்பர் பமிக்கொம் பொறியின் ட்சுகூரு காட்ரிட்ஜ்களை ஆங்கிலத்தில் எவரும் வெளியிடவில்லை. 1990களின் பிற்பகுதியிலே, பழைய விளையாட்டுப் பொறிகளைப் போலவே நடக்கும் செய்நிரல்கள் சாதாரணக் கணினிகளுக்குக் கிடைக்கத் தொடங்கின. அவற்றின் மூலம் பிறநாட்டு இளைஞர் பலர் யப்பானிய விளையாட்டுக்களைக் கண்டனர். கதை விளையாட்டொன்றை மொழி தெரியாமலே ஒருவாறு விளையாடி முடித்தவர்களும் உண்டு. ட்சுகூருவைத் திறந்தோர்க்கு அது இயலவில்லை. பட்டறைக்குள்ளே நிற்கலாம், எக்கருவி எவ்வேலைக்கு என்பது மட்டும் தெரியாது. பட்டியலிலே நாற்பது கட்டளைகள் வரிசையாக நிற்கும்போது, அவற்றுள் எது கதவைத் திறப்பது, எது ஆட்டத்தையே முடித்து வைப்பது என்று ஊகித்து அறிவது எங்ஙனம்?

இந்நிலையிலேதான் இரசிகர் மொழிபெயர்ப்பு என்னும் முயற்சி கைகொடுத்தது. விளையாட்டுக்களை இரசிகர்களே மொழிபெயர்க்கும் வழக்கம் அக்காலத்தில் வேரூன்றி வந்தது. 1992ஆம் ஆண்டு யப்பானில் வெளியான 'பைனல் பாண்டசி 5' என்னும் விளையாட்டை, தன்னார்வக் குழு ஒன்று 1997ஆம் ஆண்டு முழுமையாக ஆங்கிலத்தில் ஆக்கி வெளியிட்டது. அதன் உரிமையாளர் தாமே ஆங்கிலப் பதிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1999ஆம் ஆண்டிலேயாகும். அத்தகைய குழுக்களின் உழைப்பு ட்சுகூருவின் பக்கமும் திரும்பிற்று. ஆர்.பி.ஜி. ட்சுகூரு 2 என்னும் காட்ரிட்ஜுக்கு ஆங்கில வடிவம் கிடைத்தது அவ்வகையிலேயே.

இம்மொழிபெயர்ப்பு எவ்வாறு நடைபெறும்? நூலை மொழிபெயர்ப்பவன் மூலத்தைக் கண்முன்னே விரித்து வைத்துக்கொள்கிறான். இங்கோ மூலத்தைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. காட்ரிட்ஜின் உள்ளே இருப்பவை வெறும் எண்கள். அவற்றுட் சில படங்களைக் குறிப்பன, சில இசையைக் குறிப்பன, சில இயந்திரத்துக்கு இடும் கட்டளைகள், சிலவே எழுத்துக்கள். எந்த எண் எந்த எழுத்து என்பதை ஆக்கியோர் தம் வசதிப்படி வகுத்துக்கொண்டனர். தமிழ் எழுத்துருக்களுக்கு ஒரே குறியீடு வழங்காத காலத்தில், ஓர் எழுத்துருவில் அடித்த கடிதத்தை வேறோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றியமை இலங்கையிலே கணினி பயன்படுத்தியோர் பலர்க்கும் நினைவிருக்கும். பழைய விளையாட்டுக்களிலே ஒவ்வொரு காட்ரிட்ஜும் அவ்வாறு தனித்தனிக் குறியீடு கொண்டதாகும்.

இம்மறைவைத் திறக்க எளிய உபாயம் ஒன்று கையாளப்பட்டது. எண்கள் எவையென்று தெரியாவிடினும், எழுத்துக்கள் நெடுங்கணக்கு முறையிலே அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கும் என்று கொள்ளலாம். 'க' என்பதற்கு 40 என்ற எண் கொடுத்தால் 'ங' 41 ஆகும், 'ச' 42 ஆகும். 'க' 90 ஆனால் 'ச' 92 ஆகும். தொடக்க எண் எதுவாயினும் இரண்டெழுத்துக்கும் இடையேயுள்ள வேறுபாடு மாறுவதில்லை. எனவே, திரையிலே தோன்றும் ஒரு சொல்லை எடுத்து, அதன் எழுத்துக்களிடையே உள்ள வேறுபாடுகளை மட்டும் கணக்கிட்டு, அதே வேறுபாடுகள் தொடர்ந்து வரும் இடத்தைக் காட்ரிட்ஜின் எண்களுள் தேடுவர். இடம் அகப்பட்டவுடன் எழுத்து அட்டவணை தானே உருவாகிவிடும். அவ்வட்டவணையைக் கொண்டு சொற்கள் யாவற்றையும் வெளியே எடுத்து எழுதுவர். மொழியறிந்தவனுடைய வேலை அதன்பின்னரே தொடங்கும்.

வேலையோ ஒருவரால் முடிவதன்று. ஒருவர் யப்பானிய மொழி அறிந்தவராயிருப்பார். மற்றொருவர் இயந்திரத்தின் உட்கட்டளைகளைப் படித்து மாற்ற வல்லவராயிருப்பார். வேறொருவர் புதிய எழுத்துக்களைப் புள்ளி புள்ளியாக வரைவார். இன்னும் சிலர் மாற்றிய வடிவத்தைத் திரும்பத் திரும்ப இயக்கிக் குறை காண்பர். இவர்கள் பெரும்பாலும் வெவ்வேறு ஊர்களில், சிலவேளை வெவ்வேறு கண்டங்களில் வசிப்பவர்கள். பகலிலே படிப்பும் தொழிலும் வேறாக இருக்க, ஓய்வுநேரத்தை இதற்கென ஒதுக்கியவர்கள்.

அடுத்து வரும் இடர் இடநெருக்கடி. மருந்து மூலிகையை யப்பானிய விளையாட்டுக்கள் 'யக்குசோ' என்று குறிக்கும். யப்பானியரின் 'கிரகனா' எழுத்தில் அது நான்கே எழுத்துக்கள். அதே பொருளை ஆங்கிலத்தில் 'மெடிசினல் ஹேர்ப்' என்று எழுதினால் 13 எழுத்துக்களும் ஓர் இடைவெளியும் வேண்டும். பொருளின் பெயருக்குக் கருவி ஒதுக்கிய இடம் ஆறெழுத்துக்கே போதுமாயின், மொழிபெயர்ப்பாளர் 'மருந்து' என்ற அடையை விட்டு 'மூலிகை' என்பதோடு அமையவேண்டும். அன்றி, இயந்திரக் கட்டளைகளைத் திருத்தி இடத்தையே பெருக்கவேண்டும். இடத்தைப் பெருக்கினாலோ, அதன்பின் வரும் சொற்கள் யாவும் தத்தம் இடத்தினின்று பெயர்ந்துவிடும். எந்தச் சொல் எங்கே தொடங்குகின்றது என்று காட்டும் சுட்டெண்கள் உள்ளே வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சொல் நீண்டால் அத்தனை சுட்டெண்களையும் புதிதாகக் கணக்கிடுதல் வேண்டும். ஒரு தெருவிலே ஒரு வீட்டை அகலமாக்கியதனால் அத்தெருவின் கதவிலக்கங்கள் முழுவதும் மாறியதைப் போன்றது இது.

திரையின் அளவும் ஒரு தடையே. சூப்பர் பமிக்கொம் பொறியின் படம் வழக்கமாக 256 புள்ளி அகலமும் 224 புள்ளி உயரமும் உடையது. யப்பானியரின் சீன எழுத்துக்களைத் தெளிவாக வரைவதற்கு 16 புள்ளிச் சதுரம் வேண்டும். அக்கணக்கில் ஒரு வரிக்கு 16 எழுத்துக்களே அமையும். ஆங்கில எழுத்துக்களை 8 புள்ளி அகலத்தில் வரைந்தால் 32 அடங்கும். மேலும், யப்பானிய மொழியிலே சொற்களுக்கிடையே இடைவெளி விடும் வழக்கம் இல்லையாதலின், வரி நிறைந்த இடத்தில் எழுத்தை முறித்து அடுத்த வரிக்குச் செல்வது அங்கே குற்றமாகாது. ஆங்கிலச் சொல்லை அவ்வாறு நடுவே முறித்தால் வாசிப்பவன் தடுமாறுவான்.

இலக்கணமும் சேர்ந்து சோதிக்கும். போர்க் காட்சியிலே, 'வீரன் அரக்கனை வீழ்த்தினான்' என்பது போன்ற வாக்கியத்தை இயந்திரம் தானே கோத்துக் காட்டுகின்றது. செய்தவன் பெயர், செயப்பட்டவன் பெயர், அவற்றின்பின் வினை என்ற வரிசையிலே யப்பானிய வாக்கியம் செல்லும். ஆங்கிலத்திலோ வினை நடுவே வரவேண்டும். சொற்களை மட்டும் மாற்றினால் போதாது. கோக்கும் கட்டளையையே மாற்றவேண்டும். இவ்விடத்தில் தமிழுக்கு ஒரு வசதி உண்டு. தமிழும் யப்பானிய மொழியும் வினையை இறுதியில் வைப்பவை. ஆயினும் தமிழுக்கு உரிய இடர் ஒன்றும் இல்லாமலில்லை. யப்பானியத்தின் வேற்றுமைச் சொல் பெயரோடு கலவாது தனித்து நிற்கும். தமிழில் 'அரக்கன்' என்பது 'அரக்கனை' என்றும், 'மரம்' என்பது 'மரத்தை' என்றும், 'பூ' என்பது 'பூவை' என்றும் திரிந்து புணரும். பெயரையும் உருபையும் தனித்தனியே வைத்து ஒட்டும் இயந்திரத்துக்கு இப்புணர்ச்சி விதிகளைக் கற்பித்தாலன்றித் தமிழ் வாக்கியம் செப்பமாக அமையாது.

இவையெல்லாம் எந்த விளையாட்டை மொழிபெயர்ப்போர்க்கும் நேரும் இடர்களேயாகும். ஆக்கக் கருவியை மொழிபெயர்ப்போர்க்கு மேலும் இரண்டு பொறுப்புக்கள் உண்டு. முதலாவது, சொல்லின் துல்லியம். கதையிலே ஒரு வாக்கியம் பிழைபட்டால் வாசிப்பவன் ஒரு கணம் மயங்குவான். கதை தொடர்ந்து செல்லும். கருவியிலே 'ஆளி இயங்கினால்' என்பதை 'ஆளி இயங்காவிடின்' என்று எழுதிவிட்டால், அதனை நம்பி ஒருவன் பல வாரம் உழைத்துக் கட்டிய விளையாட்டு முழுவதும் தலைகீழாக நடக்கும். பிழை தன்னுடையதென்றே அவன் எண்ணுவான். கருவியின் சொல்லைச் சந்தேகிக்க அவனுக்குத் தோன்றாது. ஆதலினால் இம்மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு கட்டளையையும் தாமே இயக்கிப் பார்த்து, அது செய்வதைக் கண்ணால் கண்ட பின்னரே அதற்குப் பெயர் வைக்கவேண்டியவராவர். அகராதி பார்த்து எழுதும் மொழிபெயர்ப்பு இங்கே போதியதன்று.

இரண்டாவது பொறுப்பு, எழுதும் வசதி. கருவியைப் பயன்படுத்துவோன் தன் கதை மாந்தரின் பேச்சைத் தானே எழுதவேண்டும். கருவியின் எழுத்துப் பலகையில் யப்பானிய எழுத்துக்களே நிறைந்திருப்பின், கட்டளைகளை ஆங்கிலத்தில் எழுதி என்ன பயன்? அவன் எழுதப்போகும் எழுத்துக்களுக்கும் குறியீடுகளுக்கும் அப்பலகையிலே இடம் செய்து கொடுத்தல் வேண்டும். மூலத்திலே உள்ள சொற்களை மாற்றுவதோடு நில்லாது, இனி எவரோ எழுதவிருக்கும் சொற்களுக்கும் இப்பொழுதே வழி செய்துவைக்கும் மொழிபெயர்ப்பு இது. நூலை மொழிபெயர்த்தவன் வாசகனை உண்டாக்குகிறான். கருவியை மொழிபெயர்த்தவன் ஆக்குவோனை உண்டாக்குகிறான்.

இவ்வாறு முடிந்த வேலை 'ஒட்டு' என்னும் வடிவிலே வெளிவரும். கிழிந்த துணிக்குப் போடும் ஒட்டைப் போன்றதே இது. மூலக் காட்ரிட்ஜின் எண்கள் அதில் இரா. இன்ன இடத்தில் உள்ள எண்ணை நீக்கி இன்ன எண்ணை வை என்ற குறிப்புக்களே இருக்கும். மூலத்தைத் தம்மிடம் வைத்திருப்பவர் அவ்வொட்டை அதன்மேல் இட்டால் மொழிபெயர்த்த வடிவம் கிடைக்கும்.

உரிமை பற்றிய கேள்வி இங்கே எழாமற் போகாது. ஓர் ஆக்கத்தை மொழிபெயர்க்கும் உரிமை அதன் உரிமையாளர்க்கே உரியது என்பது பல நாடுகளின் சட்டம் ஒப்பும் விதி. இரசிகர் மொழிபெயர்ப்புக்கள் பெரும்பாலும் அவ்வனுமதியின்றியே நடப்பவை. விற்று இலாபம் பெறவில்லை என்பதும், ஒட்டினை மட்டுமே வழங்கினர் என்பதும் அவர்களுடைய நல்லெண்ணத்தைக் காட்டலாம்; சட்டத்தின் முன் அவை முழுக் கவசமாகிவிடா. உரிமையாளர் கேட்டுக்கொண்டதன் பேரில் நிறுத்தப்பட்ட மொழிபெயர்ப்புக்களும் உண்டு; பல்லாண்டு கண்டும் காணாமல் விடப்பட்டவையும் உண்டு. உரிமையாளர் பக்கத்திலும் நியாயம் இருக்கின்றது. தம் பெயரிலே உலவும் ஒரு கருவியில் பிறர் செய்த பிழைகளுக்குத் தாம் பழி ஏற்க நேரலாம். பின்னர் தாமே வெளியிட எண்ணும் பதிப்பின் விற்பனையும் குறையலாம். இவ்விரு நியாயங்களுக்குமிடையே முடிவான தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை.

வரலாறு ஒன்றை மட்டும் தெளிவாகக் காட்டுகின்றது. 1997ஆம் ஆண்டு யப்பானில் 'பிளேஸ்ரேஷன்' பொறிக்கென வெளிவந்த 'ஆர்.பி.ஜி. ட்சுகூரு 3', 2000ஆம் ஆண்டு 'ஆர்.பி.ஜி. மேக்கர்' என்ற பெயரோடு அமெரிக்காவிலே முறைப்படி ஆங்கிலத்தில் வெளியிடப்பட்டது. கணினிக்குரிய ட்சுகூரு கருவிகள் சிலவோ அனுமதியற்ற மொழிபெயர்ப்புக்களாலேயே முதலில் மேலைநாடுகளிற் பரவின. 2000ஆம் ஆண்டின் பதிப்பும் 2003ஆம் ஆண்டின் பதிப்பும் முறையான ஆங்கில வடிவம் பெற்றது 2015ஆம் ஆண்டிலேதான். அதற்கு ஏழாண்டுகள் முன்னரே, 2008ஆம் ஆண்டு, அந்த 2003ஆம் ஆண்டுக் கருவியைக் கொண்டு பிரெஞ்சு மொழியில் ஆக்கப்பட்ட 'ஓஃப்' என்னும் விளையாட்டு வெளிவந்து பலரின் பாராட்டைப் பெற்றிருந்தது. 2005ஆம் ஆண்டு முறைப்படி ஆங்கிலத்தில் வந்த பிந்திய கருவி ஒன்றைக்கொண்டு, கனடாவில் வாழும் ஒருவர் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட 'டு த மூன்' என்னும் கதை விளையாட்டு உலகெங்கும் புகழ் பெற்றது. மொழித்தடை நீங்கிய இடத்தில் ஆக்குவோர் தோன்றினர் என்பதற்கு இவை சான்றாகும்.

சூப்பர் பமிக்கொம் காட்ரிட்ஜ்களைப் பற்றி இன்னும் ஒரு செய்தி சொல்லவேண்டியிருக்கின்றது. வானொலி நேயர்க்கு அது சுவை தரக்கூடும். யப்பானிலே 1995ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் தொடங்கி 2000ஆம் ஆண்டு யூன் மாதம் வரை 'சற்றலாவியூ' என்ற சேவை நடைபெற்றது. சூப்பர் பமிக்கொம் பொறியோடு ஓர் இணைப்பைப் பொருத்தி, செய்மதி வழியே ஒலிபரப்பாகும் விளையாட்டுக்களைப் பெறும் ஏற்பாடு அது. சில விளையாட்டுக்களுக்கு, குறித்த நேரத்திலே நடிகர்களின் குரலும் வானலை வழியே உடன் வந்துகொண்டிருக்கும். குறித்த நேரத்துக்குப் பொறியை இயக்கிக் காத்திருந்தவர்களே அதனை அனுபவித்தனர். ஆர்.பி.ஜி. ட்சுகூரு 2 காட்ரிட்ஜின் மேற்புறத்திலே, அச்சேவையின் நினைவகப் பேழையைச் செருகுவதற்கு ஒரு துளை அமைக்கப்பட்டிருந்தது. அச்சேவை முடிந்தபின் வானலையிலே வந்தவை மீண்டும் வரவில்லை. எஞ்சியவை, வீட்டுக்காரர் அழிக்காது வைத்திருந்த பேழைகளில் உள்ளவை மட்டுமே. சேகரிப்போர் அவற்றைத் தேடிப் பெற்று, உள்ளிருப்பதைப் படியெடுத்துக் காத்து வருகின்றனர்.

சிறுவர் ஆக்கிய விளையாட்டுக்களின் நிலையும் இத்தகையதே. அவர்கள் கட்டிய ஊரும் எழுதிய கதையும் காட்ரிட்ஜின் உள்ளேயுள்ள சிறு மின்கலம் ஒன்றின் வலுவாலேயே நினைவகத்தில் நின்றன. நாணயம் போன்ற அம்மின்கலம் பத்தாண்டோ இருபதாண்டோ, சிலவேளை அதனினும் சிறிது கூடுதலாகவோ உழைக்கும். அது ஓய்ந்தவுடன் எழுதியது யாவும் அழிந்துவிடும். 1995ஆம் ஆண்டு பத்து வயதிலே ஒரு கதையை ஆக்கியவன் இன்று நடுவயதினன். அவனுடைய பழைய பெட்டியில் அக்காட்ரிட்ஜ் கிடக்கலாம். அதன் மின்கலம் இன்னும் உயிரோடு இருக்கின்றதா என்பது பொறியிலே செருகிப் பார்த்தாலன்றித் தெரியாது. இரசிகர் குழுக்களிடையே வளர்ந்த படியெடுக்கும் கருவிகளும், குறியீட்டு அட்டவணைகளும், உள்ளமைப்புப் பற்றிய குறிப்புக்களும் மொழிபெயர்ப்புக்கு மட்டும் உதவுவன அல்ல. அத்தகைய கதையொன்றை அழியுமுன் வெளியே எடுத்து, வேறிடத்தில் வைத்து, அதன் எழுத்துக்களை மீண்டும் வாசிக்க வேண்டுமாயின், அவ்வறிவே துணை செய்யும். பிறநாட்டான் ஒருவன் தன் பயனுக்காகத் திறந்த பூட்டு, அக்கதையை ஆக்கியவனுக்கும் திறந்திருக்கின்றது.

இன்றைய நிலை பெரிதும் மாறிவிட்டது. ட்சுகூருவின் வழிவந்த கருவிகள் இப்பொழுது பல மொழிகளில் முறையாக விற்கப்படுகின்றன. நின்டெண்டோ நிறுவனம் 2021ஆம் ஆண்டு சிறுவர்க்கென வெளியிட்ட விளையாட்டு ஆக்கும் கருவியும் யப்பானிலும் மேலைநாடுகளிலும் அவ்வாண்டிலேயே கிடைத்தது. பழைய சூப்பர் பமிக்கொம் கருவியைக் கொண்டு புதிதாக ஆக்குவோர் மிகச் சிலரேயாவர். அவ்வாறாயின் அக்குழுவினரின் உழைப்பு வீணாயிற்றா என்று கேட்கலாம். ஒரு கருவி எத்தனை பேர்க்குப் பயன்பட்டது என்ற கணக்கினால் மட்டும் அதற்கு விடை கூற இயலாது. யப்பானியச் சிறுவன் ஆங்கிலக் கட்டளைகளின் முன் திகைத்து நின்ற காலமும் உண்டு. ஆங்கிலம் பேசும் இளைஞன் யப்பானியக் கட்டளைகளின் முன் திகைத்து நின்ற காலமும் உண்டு. இருவர்க்கும் இருந்த ஆசை ஒன்றே. முன்னவனுக்கு அவன் நாட்டு நிறுவனம் வழி செய்தது. பின்னவனுக்கு வழி செய்தவர்கள், பெரும்பாலும் தம் சொந்தப் பெயரைக்கூட வெளியிடாத சில தன்னார்வலர்கள். மொழி தெரியாமையினால் ஒருவனுடைய கை ஆக்கத் தொழிலினின்று விலகி நிற்றலாகாது என்று அவர்கள் எண்ணினார்கள். அவ்வெண்ணத்தை, ஓர் எழுத்துக்கு எட்டுப் புள்ளி அகலமுள்ள இடத்துக்குள்ளே, பொறுமையோடு செய்து காட்டினார்கள்.